புள்ளிக் கணக்கு: செட்டிநாட்டுப் பழைய வீட்டைக் கூட்டமாக வாடகைக்கு எடுப்பது

"பத்து ரூம் இருக்குங்க" என்றார்கள் தொலைபேசியில். நாங்கள் இருபத்திரண்டு பேர். அறைக்கு இரண்டு பேர், பொடிசுகள் பெரியவர்களோடு ஒட்டிக்கொள்ளும். கணக்கு சரியாக வந்ததால் முன்பணத்தை அனுப்பிவிட்டோம்.

ஆவடிப் பக்கத்து நெமிலிச்சேரியில் விடிகாலை கிளம்பி, மதியம் அந்தத் தேக்குக் கதவைத் தள்ளித் திறந்தபோது யாருக்கும் பேச்சு எழவில்லை. தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளும் வீடு. ஒரே கல்லில் வார்த்ததுபோலப் பளபளக்கும் சுவர். வானம் தெரியும் வாசல், அதைச் சுற்றித் தூண்கள். தூண்களுக்குப் பின்னால் சொன்னபடியே பத்துக் கதவுகளும் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகுதான் முகம் மாறியது. ஒரு கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத அறைகள். பாதிக்கு ஜன்னல் கிடையாது. குளியலறையோடு இருந்தவை நாலே நாலு.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சிரித்தார். "இது தூங்குறதுக்குக் கட்டுன ரூம் இல்லீங்க தம்பி. புள்ளிக்கு ஒண்ணுன்னு கட்டுனது."

இந்த அத்தியாயத்தில் உள்ளதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டதுதான்.

அறையை எண்ணாதீர்கள்

இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் வழக்கில் கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. கோயிலுக்குச் செலுத்தும் வரியைக்கூடப் புள்ளி வரி என்றுதான் சொல்வார்கள். துணையை இழந்தவரை அரைப்புள்ளியாக எண்ணுவதும் உண்டு. மகனுக்குக் கல்யாணமானதும் வளவை, அதாவது தூண்கள் சூழ்ந்த அந்த உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவன் பங்குக்கு வரும். சீர்ச் சாமான், பாத்திரம், பட்டு, நகை எல்லாம் அதற்குள் போய்ப் பூட்டப்படும். புது மணமக்கள் அங்கே படுப்பார்கள். மற்றபடி வீட்டு மனிதர்கள் புழங்கியதும் படுத்ததும் பெரும்பாலும் காற்றோடும் பொது இடங்களில்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940 வாக்கில் வரை இந்த வீடுகள் எழுந்தன. பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் செய்த பணம். ஆண்கள் வருடக்கணக்கில் வெளியூரில் இருந்தார்கள். வீடு நிறைந்தது கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் சாவுக்கும்தான். அப்படி நிறையும் நாளில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார வேண்டும், பந்தியில் சாப்பிட வேண்டும், பாய் விரித்துப் படுக்க வேண்டும். அந்த நாட்களை மனதில் வைத்துத்தான் திண்ணையும் முகப்பும் வளவும் இரண்டாம் கட்டும் அடுப்படியும் அளந்து கட்டப்பட்டன. 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்ததோடு அந்தத் தொழில் ஒடிந்தது. புது மாளிகைகள் எழுவதும் ஏறக்குறைய நின்றுபோனது.

ஆகவே வீட்டின் கொள்ளளவை நீங்களும் அப்படியே கணக்கிடுங்கள். உங்கள் கூட்டத்தில் எத்தனை புள்ளி? அத்தனை அறை போதும். பெட்டி வைக்க, உடை மாற்ற, தம்பதிகள் படுக்க அவை உதவும். இளவட்டங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மெத்தை விரிக்கத் தூண் வரிசைக்குப் பின்னால் எவ்வளவு இடம், எத்தனை மின்விசிறி என்று பாருங்கள். மூன்றாவதாக எண்ண வேண்டியது கழிப்பறை. கூட்டமாகப் போகும் பயணங்கள் குளியலறை வாசலில்தான் கசக்கத் தொடங்கும். ஐந்து பேருக்கு ஒன்று என்பது எங்கள் அனுபவத்தில் தாங்கக்கூடிய எல்லை.

மூன்று வகை வீடுகள்

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் விரிந்து கிடக்கும் செட்டிநாட்டு ஊர்கள் ஒரு காலத்தில் 96 என்பார்கள். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014 முதல் இந்த ஊர்த் தொகுதிகளின் பெயர் இருக்கிறது. தங்குவதற்குக் கிடைக்கும் வீடுகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, விடுதியாகவே நடப்பவை. கானாடுகாத்தானில் விசாலம், செட்டிநாடு மேன்ஷன், திருமயத்தை அடுத்த கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், காரைக்குடியில் பங்களா. அறைக்கு அறை குளியலறை, குளிர்சாதனம், சமையல்கூடம் எல்லாம் இருக்கும். செலவும் அதற்கேற்ப இருக்கும். எல்லா அறைகளையும் நீங்களே எடுத்தால்தான் வீடு உங்களுடையதாகும். இல்லாவிட்டால் வளவில் உங்கள் அத்தை தாயக்கட்டை உருட்டும்போது பக்கத்தில் வேறொரு விருந்தினர் புத்தகம் படித்துக்கொண்டிருப்பார்.

இரண்டாம் வகையில் உரிமையாளர் குடும்பமோ அவர்கள் அமர்த்திய ஆளோ வீட்டின் ஒரு பகுதியைச் சீர்செய்து தங்க விடுவார்கள். ஆறேழு அறை இருக்கும், சமையலுக்கு உள்ளூர் ஆள் இருப்பார். ஆறு புள்ளி, இருபது தலை என்று போகிறவர்களுக்கு இதுதான் பொருந்தும்.

மூன்றாம் வகை, வருடம் முழுதும் பூட்டிக் கிடந்து, கல்யாணத்துக்கும் சினிமாப் படப்பிடிப்புக்கும் மட்டும் திறக்கப்படும் வீடு. வாடகை குறைவாகப் படலாம். ஆனால் மெத்தை, தலையணை, அடுப்பு, ஜெனரேட்டர், துப்புரவு ஆள் எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். அவற்றையும் சேர்த்துக் கூட்டினால் இரண்டாம் வகையைத் தாண்டிவிடும். கல்யாணமோ அறுபதாம் கல்யாணமோ வைத்திருந்தால் ஒழிய வேண்டாம்.

முதலில் முட்டுக்காடு

பாட்டியை 400 கிலோமீட்டர் கூட்டிப்போய், "இந்த நிலைப்படி என்னால தாண்ட முடியலடா" என்று அவர் சொல்வதைக் கேட்பதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிடுவது மேல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வணிகர் வீடு ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து கட்டி வைத்திருக்கிறார்கள். 1996 முதல் இயங்கும் இடம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. வெளிவட்டச் சாலையில் வண்டலூர் போய், கேளம்பாக்கம் வழியாகக் கடற்கரைப் பக்கம் திரும்பினால் நகர நெரிசலுக்குள் நுழையாமல் போய்விடலாம்.

அங்கே அலங்காரத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் உடம்பால் அளந்து பாருங்கள். திண்ணைக்கு ஏறும் படிகள் எத்தனை? பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? நிலைப்படியில் காலைத் தூக்கி வைக்கும்போது தலை மேல்நிலையில் இடிக்கிறதா? இதெல்லாம் முடிகிறவர்களுக்குத்தான் பழைய வீடு விடுமுறை. மூட்டு வலிக்காரர்கள் இருந்தால், சமதளமான அறையும் மேலைநாட்டுக் கழிப்பறையும் தெருப்பக்கமே உள்ள வீடாகத் தேடுங்கள். பழைய அமைப்பில் கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு இரண்டு கட்டு கடந்து போக வேண்டும்.

எந்த மாதம்

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை உடம்புக்குச் சுகம். ஆனால் தையில் முகூர்த்தம் நெருக்கும். கல்யாணம் என்றால் உரிமையாளர் குடும்பத்துக்கே வீடு தேவைப்படும். பள்ளி விடுமுறை என்று சித்திரை, வைகாசியில் போகிறவர்கள் பகல் பன்னிரண்டிலிருந்து நாலு மணிவரை வெளியே போகாத திட்டம் போட வேண்டும். உயரமான கூரையும் சுண்ணாம்புச் சுவரும் வெயிலை ஓரளவு மட்டுப்படுத்தும். ஆனால் மாடி அறைகள் தகிக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையைப் பலர் தவிர்ப்பார்கள். எனக்கு அதுதான் பிடித்த காலம். நாலு பக்கக் கூரையிலிருந்தும் தண்ணீர் வாசலுக்குள் கொட்டுவதை வளவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கூரைத் தண்ணீரை வாசலில் வாங்கி, தொட்டிக்கும் கிணற்றுக்கும் ஊர் ஊருணிக்கும் அனுப்பும்படி திட்டமிட்ட வீடுகள் அவை. ஒரே எச்சரிக்கை: ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஈரமானால் வழுக்கும். எண்ணெய்க் குளியல் முடித்த கால் இன்னும் மோசம். வாசல் ஓரத்தில் சாக்கு விரிக்கச் சொல்லுங்கள்.

தொலைபேசியில் என்ன கேட்பது

இந்த வீடுகள் பலவற்றுக்கு ஒரே உரிமையாளர் கிடையாது. தாத்தா கட்டிய வீட்டில் பேரன்கள் அத்தனை பேருக்கும் பங்கு உண்டு. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் ஊரில். பங்காளிகளுக்குள் பேச்சு ஒத்துவராமல் இடிக்கப்பட்டு, தூணும் கதவும் தனித்தனியாக விலைபோன வீடுகளும் உண்டு. ஆகவே முதல் கேள்வி வாடகையைப் பற்றி இருக்கக் கூடாது.

"ஐயா, வணக்கம். நெமிலிச்சேரியிலேர்ந்து பேசுறோம், ஆவடி பக்கம். ஆறு புள்ளி, மொத்தம் இருபத்திரண்டு பேர். ரெண்டு ராத்திரி தங்கணும். வீட்டை வாடகைக்கு விடுறது நீங்களா, இல்ல பங்காளிங்க எல்லாரும் சேர்ந்து முடிவு பண்றதா?"

"நான் பாத்துக்குறவன் தம்பி. பெரியவர் மெட்ராசுல இருக்காரு. அவருதான் முடிவு சொல்லணும்."

"அப்ப அவர் நம்பர் குடுங்க, அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிடறோம். பூட்டியிருக்கிற பகுதி ஏதாவது உண்டா?"

"ரெண்டாங்கட்டுல ரெண்டு ரூம் பூட்டித்தான் இருக்கும். சாமி ரூமும் திறக்க மாட்டோம்."

"சரிங்கய்யா. அதைத் தவிர எது எது எங்களுக்குன்னு ஒரு தடவை வீடியோவுல நடந்து காட்டிடுங்க."

புள்ளி என்று சொன்னதுமே மறுமுனையில் குரல் இளகும். நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். வீடியோவில் நடந்து காட்டச் சொல்வதை விட்டுவிடாதீர்கள். முகப்பின் அழகான புகைப்படத்தை எல்லோரும் அனுப்புவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு:

• ஒவ்வொரு குளியலறையின் குழாயும் திறந்து காட்டப்பட வேண்டும். தொட்டி எவ்வளவு கொள்ளும், ஒரே நேரத்தில் ஐந்து பேர் குளித்தால் தண்ணீர் வருமா?
• குளிர்சாதனம் எத்தனை அறையில்? எல்லாம் ஒன்றாக ஓடுமா? பழைய வயரிங் உள்ள வீட்டில் இரண்டு ஏசியும் ஒரு கீசரும் சேர்ந்தால் ப்யூஸ் போகும்.
• மின்சாரம் நின்றால் என்ன ஏற்பாடு? ஜெனரேட்டர் என்றால் டீசல் யார் கணக்கு?
• கிணற்றுக்கு மூடியோ வலையோ உண்டா? மாடிக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம்? சிறு பிள்ளைகள் இருந்தால் இதுதான் முதல் கேள்வி.
• கொசுவலை உண்டா? திறந்த வாசல் உள்ள வீட்டில் கதவைச் சாத்திப் பயனில்லை.
• அந்தத் தேதியில் படப்பிடிப்போ பார்வையாளர் வருகையோ இருக்கிறதா?
• அசைவம் சமைக்கலாமா? எந்தக் கட்டில்?
• வேன் வீட்டு வாசல்வரை வருமா, ஓட்டுநர் எங்கே படுப்பார்?

வாடகை, வரி, எழுத்து

"முழு வீடு" என்ற சொல்லுக்கு ஆளுக்கு ஒரு அர்த்தம் உண்டு. மாடி சேர்ந்ததா, கொல்லைச் சமையற்கூடம் சேர்ந்ததா, திண்ணையில் ராத்திரி உட்கார்ந்து பேசலாமா என்று வரிவரியாகக் கேட்டு, அதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பி, "சரி" என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுத வேண்டியவை: வரும் நாள் நேரம், கிளம்பும் நாள் நேரம், ஆட்கள் எண்ணிக்கை, எந்தெந்தப் பகுதி, வாடகையில் எது அடங்கும், முன்பணம் எவ்வளவு, யார் கணக்குக்குப் போகிறது, தேதி தள்ளிப்போனால் எவ்வளவு திரும்பும், உடைப்புக்கான வைப்புத்தொகை எவ்வளவு. பணம் போகும் கணக்கும் பேசிய உரிமையாளர் பெயரும் ஒத்துப்போக வேண்டும். சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

விடுதியாக நடக்கும் வீட்டில் ஜிஎஸ்டி வரும். 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். சொன்ன வாடகை வரியோடு சேர்த்தா, வரி தனியா என்று கேட்டே ஆக வேண்டும். பெரிய கூட்டத்துக்கு அந்த வித்தியாசத்திலேயே வேன் வாடகையின் ஒரு பங்கு அடிபட்டுப் போகும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் உள்ள சிறு வீட்டுக்காரருக்குப் பொதுவாகப் பதிவு தேவையில்லை. அப்படிப்பட்டவர் வரி என்று தனியாகக் கேட்டால் பதிவு எண்ணோடு ரசீது கேளுங்கள்.

அமெரிக்காவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த தம்பி குடும்பம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் வந்து 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அந்த விவரத்தை அதிகாரிகளிடம் பதிய வேண்டும். இரவு பத்து மணிக்குக் கடவுச்சீட்டு நகல் தேடும் வேலை மிச்சமாகும்.

நெமிலிச்சேரியிலிருந்து போகும் வழி

வேன்காரருக்கு முகவரி அனுப்பும்போது "திருநின்றவூர் பக்கத்து நெமிலிச்சேரி" என்று எழுதுங்கள். குரோம்பேட்டைப் பக்கமும் ஒரு நெமிலிச்சேரி உண்டு. விடிகாலை நாலரைக்கு ஓட்டுநர் அங்கே நின்றுகொண்டு உங்களுக்குப் போன் செய்தால் அன்றைய நாள் போச்சு.

நம் ஊருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. சென்னை வெளிவட்டச் சாலை வண்டலூரில் தொடங்கி மீஞ்சூரில் முடிகிறது. முதல் கட்டம் போட்டது வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரிவரைதான். திருவள்ளூர் நெடுஞ்சாலையில் ஏறிய கையோடு வெளிவட்டச் சாலையைப் பிடித்தால், பூந்தமல்லியையும் தாம்பரத்தையும் தொடாமல் சுமார் 30 கிலோமீட்டரில் வண்டலூர். அதன்பின் திண்டிவனம், விழுப்புரம், திருச்சி, புதுக்கோட்டை, திருமயம், கானாடுகாத்தான். மொத்தம் 400 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. காலை ஐந்துக்குக் கிளம்பி, இரண்டு இடத்தில் நிறுத்தினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம்.

ரயில் என்றால் எழும்பூரிலிருந்து காரைக்குடிக்குப் பல்லவன் விரைவு வண்டியும், ராமேசுவரம் போகும் இரவு வண்டிகளும் உண்டு. கானாடுகாத்தானுக்கு அருகில் செட்டிநாடு என்றே ஒரு நிலையம் இருக்கிறது. எல்லா விரைவு வண்டியும் அங்கே நிற்காது, காரைக்குடியில் இறங்குவதே நிச்சயம். நமக்குச் சிக்கல் வேறு. நெமிலிச்சேரியில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்க வேண்டும். அங்கிருந்து எழும்பூருக்கு இருபது பேர், முப்பது மூட்டை. நாலைந்து பேர் என்றால் பரவாயில்லை. பேருந்துக்காரர்கள் கிளாம்பாக்கம் போய் ஏறலாம். வெளிவட்டச் சாலை தொடங்கும் வண்டலூரிலிருந்து கூப்பிடு தூரம்.

பத்துப் பேருக்கு மேல் போனால் வேன்தான் லாபம். வந்த பிறகும் வண்டி கையில் இருக்கும். 22 பேருக்கு 22 இருக்கை வண்டி எடுக்காதீர்கள். சாமான் எங்கே போகும்? கூரைமேல் கட்டுவது மழைக்காலத்தில் ஆகாது.

அடுப்படி

வீடு பிடித்துப்போவதும் பிடிக்காமல்போவதும் பாதி சமையற்காரர் கையில். வீட்டு ஆளே சமைப்பாரா, வெளியிலிருந்து வருவாரா, அவருக்குக் கூலி நாள் கணக்கா, தலைக்கு இவ்வளவா என்று முதலிலேயே பேசுங்கள். மளிகையை நீங்கள் வாங்கித் தருவதானால் ரசீதோடு வாங்கச் சொல்லுங்கள். சுமார்க் கணக்குக்கு, சாப்பாட்டு அரிசி ஒரு கிலோ எட்டிலிருந்து பத்துப் பேருக்கு வரும். 22 பேருக்கு இரண்டரைக் கிலோ.

செட்டிநாட்டுச் சமையல் என்றால் மிளகும் காரமும்தான் என்று ஓட்டல் பலகைகள் நம்மைப் பழக்கிவிட்டன. வீட்டுச் சமையல் அப்படி எரியாது. வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும், கந்தரப்பம், கும்மாயம், தேங்காய்ப்பால் ஊற்றிய பால் பணியாரம், காய்கறி மண்டி என்று கேளுங்கள். கவுனி அரிசி இனிப்பைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். பர்மா தொடர்பில் செட்டிநாட்டு அடுப்படியில் இடம்பிடித்த கருப்பரிசி அது. ராத்திரியே ஊறப்போட வேண்டும். காலையில் கேட்டால் கிடைக்காது.

ஐந்து நாள் உணவை ஒரே நாளில் கேட்டுச் சமையற்காரரைத் திணறடிக்க வேண்டாம். காலைக்கு ஒரு பலகாரம், மதியம் இலைச் சாப்பாடு, இரவு இட்லி அல்லது இடியாப்பம். அவ்வளவே. மதியச் சாப்பாட்டைப் பந்தியாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். வீட்டுக் கூடம் அதற்காகத்தான் கட்டப்பட்டது. தட்டை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலைக்குப் போனால் நெமிலிச்சேரியிலேயே இருந்திருக்கலாம்.

வீட்டு முறை

செருப்பு திண்ணையோடு நிற்கட்டும். முன்னோரைக் கும்பிட்டுப் படைக்கிற வீடுகள் இவை. சாமி அறைப் பக்கம் அசைவமும் மதுவும் போகக் கூடாது என்பதைச் சொல்லாமலே தெரிந்துகொள்ள வேண்டும். பல வீடுகளில் மது முழுதாகவே கூடாது. உங்கள் கூட்டத்தில் யாருக்காவது அது சங்கடம் என்றால் முன்பே கேட்டு, இடம் கொடுக்கும் விடுதியாக மாற்றிக்கொள்ளுங்கள். ராத்திரி பதுங்கிக் குடித்துவிட்டு, காலையில் பெரியவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நிற்க வேண்டாம்.

சுவரில் சாய்ந்து உட்காராதீர்கள். சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு நூறு வருடம் மின்னும், தலை எண்ணெய்க் கறை மட்டும் போகாது. தூணில் பலூன் ஒட்டப் பசை நாடா வேண்டாம். பழைய மெருகு அதோடு வந்துவிடும். வளவில் கிரிக்கெட் கூடாது. பெல்ஜியக் கண்ணாடிக்கு மாற்று வாங்க உங்களால் முடியாது. பிள்ளைகளுக்குப் பல்லாங்குழி, தாயம் கேளுங்கள், பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும்.

இரண்டு இரவு, மூன்று பகல்

முதல் நாள் வந்ததும் சாப்பாடு, தூக்கம், மாலையில் ஊருக்குள் நடை. கானாடுகாத்தான் தெருக்களில் வெளியிலிருந்து பார்க்கவே ஒரு மாலை போதாது. இரண்டாம் நாள் காலை ஆத்தங்குடி. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணத்தை ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கற்களைக் கையால் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். சூளை கிடையாது. வெயில் ஏறுமுன் திரும்பிவிட்டு, மாலையில் பிள்ளையார்பட்டிக் குடைவரை. மூன்றாம் நாள் காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளும் கண்டாங்கிச் சேலையும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை. திரும்பும் வழியில் திருமயம் கோட்டை. இதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள். நீங்கள் வாடகை கொடுத்தது வீட்டில் இருப்பதற்கு.

மலையும் திராட்சையும் வேண்டுவோருக்கு

பிரான்சில் திராட்சைத் தோட்டத்து மாளிகைகளை வாரக் கணக்கில், சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை, குடும்பங்களுக்கு முழுதாக விடுவது வழக்கம். படங்களில் பார்த்துவிட்டு அப்படி இங்கே உண்டா என்று கேட்கிறவர்கள் உண்டு. நம் திராட்சை நாடு கம்பம் பள்ளத்தாக்கு. அங்கத்திய பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அவை சிறு விவசாயிகளின் பந்தல் தோட்டங்கள். பந்தலுக்குக் கீழே நடக்கலாம், பழம் வாங்கலாம், மாளிகை கிடையாது. திராட்சைத் தோட்டத்திலேயே தங்க வேண்டுமானால் நாசிக் போக வேண்டும்.

மாளிகையும் தோட்டமும் சேர்ந்து வேண்டுமென்றால் ஏற்காட்டுக் காப்பித் தோட்ட பங்களாக்கள், வால்பாறை, குன்னூர்த் தேயிலை பங்களாக்கள். ஏற்காடு நமக்கு வசதி: வெளிவட்டச் சாலையில் நசரத்பேட்டைவரை போய்ப் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறி, கிருஷ்ணகிரி, சேலம் வழியாக மலை ஏறலாம். மேலே சொன்ன கேள்விகள் அத்தனையும் அங்கேயும் பொருந்தும். கூடுதலாக இரண்டு: பெரிய வேன் தோட்டச் சாலையில் பங்களாவரை ஏறுமா? வெந்நீர் எத்தனை பேருக்கு வரும்? நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது; கிளம்புமுன் எடுத்துவிடுங்கள்.

ஒரு வேறுபாடு உண்டு. பங்களா ஒரு துரையின் குடும்பத்துக்காகக் கட்டியது. எட்டுப் பேருக்கு மேல் போனால் நெருங்கும். இருபது பேருக்கு மேல் என்றால் கல்யாணக் கூட்டத்துக்குக் கட்டிய வீடே சௌகரியம்.

கணக்கு முடித்தல்

தலைக்கு இவ்வளவு என்று எல்லாச் செலவையும் ஒன்றாக வகுப்பதுதான் அடுத்த பயணத்தைக் கெடுக்கும். நாலு வயதுப் பிள்ளைக்கும் முழுப் பங்கா என்று ஒருவர் மனதில் நினைப்பார், வாய்விட்டுச் சொல்ல மாட்டார். எங்கள் வழி இது. வீட்டு வாடகை புள்ளிக் கணக்கு. சாப்பாடு தலைக்கணக்கு, பத்து வயதுக்குள் அரைத் தலை. வேன் இருக்கைக் கணக்கு.

எடுத்துக்காட்டாக, ஐந்து தம்பதி, தனியாக இருக்கும் அத்தையும் பெரியப்பாவும், கல்யாணமாகாத பெரிய பிள்ளைகள் ஆறு, பொடிசுகள் நாலு. மொத்தம் 22 பேர். ஐந்து முழுப்புள்ளி, இரண்டு அரைப்புள்ளி, ஆக ஆறு. வாடகை 60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் புள்ளிக்கு 10,000; அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் 5,000. சாப்பாடு 30,000 என்றால் இருபது தலையாக வகுத்து, தலைக்கு 1,500, பொடிசுக்கு 750. வேன் 44,000 என்றால் இருக்கைக்கு 2,000. கல்யாணமாகாத பிள்ளைகள் பெற்றோரின் புள்ளிக்குள் அடக்கம். அவர்களில் சம்பாதிக்கிறவர்கள் வழியில் காப்பிக்கும் டிபனுக்கும் பொறுப்பு.

கிளம்பும் காலையில் பாத்திரங்களைக் கணக்கெடுத்து அடுப்படியில் ஒப்படையுங்கள். உடைந்தது இருந்தால் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் கண்டுபிடிக்குமுன் நீங்களே சொல்லுங்கள். சமைத்தவருக்கும் பெருக்கியவருக்கும் தருவதை வீட்டுக்காரர் கையில் தராமல் அவரவர் கையிலேயே கொடுங்கள்.

வரவு செலவை வேனிலேயே முடித்துவிடுங்கள். திண்டிவனம் தாண்டுவதற்குள் கையிலிருக்கும் நோட்டைச் சத்தமாக வாசித்து, ஆளாளுக்கு ஜிபேயில் அனுப்பச் சொல்லிவிட வேண்டும். வண்டலூரில் வெளிவட்டச் சாலையில் ஏறியதும் வண்டி குலுங்காது, எல்லோரும் தூங்கிவிடுவார்கள். நெமிலிச்சேரியில் இறங்கிய பிறகு கேட்கும் பணத்துக்குக் கடன் என்று பெயர்.